பெயரில்லாத அட்டை: மைல்ஸ் டேவிஸ் அஞ்சலித்தட்டை முன்வைத்துச் சில கேள்விகள்

1

இசை என்றதும் 'ஆன்மா', 'அனுபவம்', 'லயிப்பு' என்று தொடங்கிவிடுவது நம் விமர்சன மரபின் பழக்கம். இசைத்தட்டு ஓர் உற்பத்திப் பொருளும்கூட. அதன் அட்டையில் யார் பெயர் அச்சாகிறது, யார் பெயர் விடுபடுகிறது என்று நாம் கேட்பதில்லை. 2008இல் வெளிவந்த 'மைல்ஸ் ஃப்ரம் இந்தியா' என்கிற இரட்டைக் குறுந்தகட்டை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம் எனத் தோன்றுகிறது.

கறுப்பின டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸுக்கு (1926–1991), முக்கியமாக அவருடைய மின்கருவிக் காலத்துக்கு, செலுத்தப்பட்ட அஞ்சலி அது. அவரோடு வாசித்த அமெரிக்கக் கலைஞர்களையும் இந்திய இசைக்கலைஞர்களையும் ஒரே தட்டில் சேர்த்தவர் தயாரிப்பாளர் பாப் பெல்டன்.

2

அந்த மின்கருவிக் காலம் என்பதென்ன? 1969 ஆகஸ்டில் நியூயார்க்கில் மூன்று நாட்களில் பதிவாகி 1970இல் வந்தது 'பிட்சஸ் ப்ரூ'. மின் பியானோ, மின் கிதார், ஒன்றுக்கு மேற்பட்ட டிரம் வாசிப்பாளர்கள். தயாரிப்பாளர் டியோ மசேரோ ஒலிநாடாவைக் கத்தரித்து ஒட்டி, வாசித்ததிலிருந்து வேறொரு பிரதியையே உருவாக்கினார். டேவிஸ் விலைபோய்விட்டார் என்று ஜாஸ் தூய்மைவாதிகள் புலம்பினார்கள். நம்மூர்ச் சபா ரசிகர்களுக்குப் பழக்கமான புலம்பல்தான்.

1972இல் வந்த 'ஆன் தி கார்னர்' இன்னும் ஒருபடி போனது. ஜேம்ஸ் பிரவுனுக்கும் ஸ்லை ஸ்டோனுக்கும் ஆடிக்கொண்டிருந்த கறுப்பின இளைஞர்களிடம் போய்ச் சேர வேண்டும் என்பது டேவிஸின் விருப்பம். அதில் தபலாவும் மின் சிதாரும் உண்டு. தபலா வாசித்தவர் பாதல் ராய், இன்றைய வங்கதேசத்துக் கொமில்லாக்காரர். படிக்கப்போன நியூயார்க்கில் இந்திய உணவு விடுதிகளில் வேலை பார்த்துக்கொண்டே தபலா வாசித்தவர். அங்கேதான் கிதார் கலைஞர் ஜான் மக்லாஃப்லின் இவரோடு சேர்ந்து வாசித்தார்; அவர் வழியாக டேவிஸிடம் வந்து சேர்ந்தார்.

அந்தத் தட்டின் அட்டையில் கோர்க்கி மெக்காய் வரைந்த கறுப்பினத் தெருமனிதர்கள் இருந்தார்கள். வாசித்தவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. 'யார் வாசித்தது, எந்தக் கருவி' என்று விமர்சகர்கள் வகைப்படுத்திவிடக் கூடாது என்பது டேவிஸின் கணக்கு. கலகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கலகத்தில் டேவிஸின் பெயர் மட்டும் அட்டையில் தங்கியது. தபலாக்காரரின் பெயர் போயிற்று. ஒரே செயல் மேலே பார்த்து எதிர்ப்பாகவும் கீழே பார்த்து அழிப்பாகவும் இயங்குவதை நாம் இங்கே கவனிக்க வேண்டும். 'ப்ளூ இன் கிரீன்' என்னுடையது என்று பியானோ கலைஞர் பில் எவான்ஸ் சொல்லிவந்ததும் இதே வரலாற்றில்தான் வருகிறது.

3

2008 அஞ்சலித்தட்டு இதைச் சரிசெய்கிறது போலத் தெரிகிறது. பாதல் ராய் அதில் பெயரோடு இருக்கிறார், 36 ஆண்டுகள் கழித்து. ரான் கார்ட்டர், சிக் கொரியா, பீட் கோசி ஒருபக்கம். லூயிஸ் பாங்க்ஸ், விக்கு விநாயக்ராம், செல்வகணேஷ் மறுபக்கம். 'மைல்ஸ் ஃப்ரம் இந்தியா' என்ற தலைப்புப் பாடல் மக்லாஃப்லின் எழுதியது. அதில் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். சிறுவனாக மின் மாண்டலினைத் தூக்கிக்கொண்டு கர்நாடக மேடைக்கு வந்தபோது 'இது சங்கீதத்துக்கு ஆகுமா' என்ற முணுமுணுப்பைச் சந்தித்தவர் அவர். டேவிஸின் மின்கருவிக் கலகத்துக்கு நம்மிடம் ஓர் இணை தேடினால், 2014இல் மறைந்த இந்தக் கலைஞரைத்தான் சொல்வேன்.

ஆனால் தலைப்பில் வரும் 'இந்தியா' எது? சிதார், சரோத், தபலா, மிருதங்கம், கடம், கஞ்சிரா. சபாவும் அகாதெமியும் 'செவ்வியல்' என்று முத்திரை குத்திய இந்தியா. பறை இல்லை, நாகஸ்வரம் இல்லை. இத்தனைக்கும் சார்லி மரியானோ என்ற ஜாஸ் கலைஞர் எழுபதுகளிலேயே நாகஸ்வரத்தைக் கற்று வாசித்தவர். தெருவின் இசையாகத் தன்னை அறிவித்துக்கொண்ட ஒரு காலகட்டத்துக்கு அஞ்சலி செலுத்தும்போது நம் தெரு மட்டும் வெளியே நிற்கிறது.

இன்னொன்று. கடத்தைத் தட்டுபவர் பெயர் அட்டையில் வரும். மானாமதுரையில் மண் பிசைந்து அந்தக் கடத்தைச் சுட்ட குயவர் பெயரை இசைத்தட்டில் போடும் வழக்கம் நம்மிடம் இல்லை. மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்தி மூட்டடிக்கும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா தனிப் புத்தகம் எழுத 2020 வரை ஆயிற்று. நாதம் யாருடையது என்கிற கேள்விக்குள் தோல் யாருடையது, யார் கை அதைத் தொட்டது என்கிற சாதிக் கேள்வி ஒளிந்திருக்கிறது.

4

சரி, பிள்ளைப்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஜாஸைப் பற்றி எழுதுவானேன்? இந்தத் தட்டு தயாரான முறை எங்களுக்குப் பழக்கமானது. மும்பையிலும் சென்னையிலும் பதிவானதன்மீது அமெரிக்காவில் வாசித்துச் சேர்த்தார்கள். இங்கே சிப்காட்டில் ஒரு கம்பெனி ஒரு பாகத்தைச் செய்யும், ஒரகடத்தில் இன்னொன்று அதைப் பூட்டும். வண்டியில் ஒட்டுவது மூன்றாவது பெயர். ஷிப்டுக்குப் போகிற காண்ட்ராக்ட் தொழிலாளிக்கோ செய்த பொருளிலும் பெயரில்லை, கம்பெனியின் நிரந்தரப் பட்டியலிலும் பெயரில்லை.

பெயர் வெறும் அடையாளச் சங்கதி என்று நம் தோழர்கள் சிலர் ஒதுக்குவதுண்டு. 2024 செப்டம்பர் 9 அன்று பக்கத்துச் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று சங்கத்தின் பதிவு. சங்கப் பெயரில் கம்பெனிப் பெயர் வரக்கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. 2025 ஜனவரியில் அந்தப் பெயரோடேயே சங்கம் பதிவானது. உழைப்பை எடுத்துக்கொள்ளத் தயங்காத மூலதனம், உழைப்பவர் அதன் பெயரை எடுத்துக்கொண்டால் பதறுகிறது.

அஞ்சலித்தட்டை நிராகரிக்கச் சொல்லவில்லை. ஸ்ரீநிவாஸின் மாண்டலினுக்காகவே அதைக் கேட்கலாம், திரும்பத் திரும்பக் கேட்கலாம். 'ஆன் தி கார்னர்' தட்டின் வெற்று அட்டையை ஒரு மேதையின் விளையாட்டு என்று ரசித்துவிட்டுப் போவதைத்தான் மறுக்கிறேன். பெயரை மறைத்துக்கொள்ளும் சுதந்திரம், ஏற்கனவே பெயர் உள்ளவனுக்கு மட்டுமே கிடைக்கிறது. மற்றவர்கள் முதலில் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.