பிள்ளையின் கையில் முதல் துவக்கு: தியத்தலாவையில் தொடங்கும் ஒரு பழைய கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை ஒரு வாப்பா என்னைத் தேடி பாடசாலைக்கு வந்தார். அவருடைய மகன் ஒன்பதாம் தரம். மாணவர் படையணியில் இருக்கிறான். குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்குத் தெரிவான பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலில் அவன் பெயரும் வந்திருந்தது. சந்தோசத்தில் வந்திருக்கிறார் என்று நினைத்து கதிரையைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

"சேர், எங்கட புள்ளட பேர வெட்டிருங்க. ஓடச் செல்லுங்க, பாயச் செல்லுங்க, பேண்ட் அடிக்கச் செல்லுங்க. துவக்கு மட்டும் வாணாம். ஆராவது ஒரு படத்த எடுத்து பேஸ்புக்ல போட்டா எங்கட கதை முடிஞ்சி."

அவர் எதைச் சொல்கிறார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2019க்குப் பிறகு நம் வீடுகளில் இறைச்சி வெட்டும் கத்தியைக்கூட எங்கே வைப்பது என்று யோசித்த நாட்கள் இருந்தன. அவருக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சனிக்கிழமை நீங்களும் வாங்க, பாத்திட்டு முடிவெடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

போகும்போது வாசலில் நின்று இன்னொன்று கேட்டார். "என்ன துவக்கு சேர் குடுப்பாங்க?"

இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு பிள்ளைக்குச் சுடப் பழக்க முதன்முதலில் எந்தத் துவக்கைக் கொடுப்பது? நூறு வருடங்களுக்கு முன் பெரிய பெரிய மனிதர்கள் இதற்காகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதையின் ஒரு நுனி நமக்குப் பக்கத்தில், தியத்தலாவையில் இருக்கிறது.

ஆசிரியர் கலாசாலையில் நான் படித்த காலத்தில் போயர் யுத்தம் என்பது இரண்டு பக்கப் பாடம். 1899 ஒக்டோபரில் தொடங்கியது, 1902 மே மாதம் முடிந்தது, பிரித்தானியர் வென்றார்கள், அவ்வளவுதான். அந்த இரண்டு பக்கத்தில் இல்லாத விசயம், வென்றவர்கள் அடைந்த வெட்கம். போயர்கள் தென்னாபிரிக்காவின் டச்சு வழி விவசாயிகள். பதினாறு வயது முதல் அறுபது வரை எல்லா ஆண்களும் போருக்குப் போக வேண்டும் என்பது அவர்களது சட்டம். வேட்டையாடி வளர்ந்தவர்கள் என்பதால் சின்ன வயதிலேயே துவக்கு கைவந்திருக்கும். 1899 டிசம்பர் 10 முதல் 15 வரையான ஒரே வாரத்தில் ஸ்ரோம்பேர்க், மாகர்ஸ்ஃபொன்ரைன், கொலென்சோ என்று மூன்று இடங்களில் பிரித்தானியப் படை அடி வாங்கியது. 'கறுப்பு வாரம்' என்று அவர்களே பெயர் வைத்தார்கள். கொலென்சோவில் காயப்பட்டு இறந்தவர்களில் ஒருவர் லோர்ட் ரொபர்ட்ஸ் என்ற தளபதிக்கு எஞ்சியிருந்த ஒரே மகன். அந்தச் செய்தி வந்த அதே நாட்களில்தான் தென்னாபிரிக்கப் போரின் முழுப் பொறுப்பும் அவரிடம் கொடுக்கப்பட்டது.

பிடிபட்ட போயர்களை எங்கே வைப்பது? சென் ஹெலினா, பெர்மியூடா, இந்தியா, இலங்கை. 1900 ஓகஸ்டில் முதல் தொகுதி கொழும்பில் இறங்கியது. எல்லாமாக ஐயாயிரம் பேரளவில் வந்தார்கள். பெரும்பாலானோருக்குத் தியத்தலாவையில் தகரக் கொட்டில்கள். அந்த முகாமுக்குள் பத்திரிகை நடத்தினார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், மரத்தில் சின்னச் சின்னச் சாமான்கள் செதுக்கி விற்றார்கள். காய்ச்சலில் இறந்தவர்களின் மையவாடி இன்றும் அங்கே இருக்கிறது. ஒரு காலத்தில் நம் பிள்ளைகள் படையணிப் பயிற்சி முகாமுக்குப் போனதும் அதே தியத்தலாவைக்குத்தான்.

(எங்கல்பிரெக்ட் என்ற போயர் கைதி, பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து இங்கேயே தங்கிவிட்டார். பின்னாளில் யால வனத்தின் முதல் காவலர் அவர்தான். அம்பாந்தோட்டையில் அடக்கப்பட்டார். அவர் கதை தனியாக ஒரு நாள் எழுதவேண்டியது.)

சரி, துவக்குக்கு வருவோம். இந்தத் தோல்விகளைப் பார்த்த இங்கிலாந்தில் ஒரு பேச்சு எழுந்தது. நம் பையன்களுக்குச் சுடத் தெரியாது, ஊருக்கு ஊர் சுடும் கழகம் வேண்டும் என்றார்கள். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கொனன் டொயில், போர்க்களத்து மருத்துவமனையில் வேலை செய்துவிட்டு வந்து தன் வீட்டை ஒட்டியே ஒரு கழகம் தொடங்கினார். எழுத்தாளர் கிப்ளிங் ரொட்டிங்டீன் கிராமத்தில் ஒன்று தொடங்கினார். 1901இல் சிறு துவக்குக் கழகங்களின் சங்கம் உருவானது. லோர்ட் ரொபர்ட்ஸும் முதுமையில் இதற்கு முன்னுக்கு நின்றார்.

கழகம் தொடங்குவது லேசு. எந்தத் துவக்கு என்பதில்தான் இழுபறி.

இராணுவத்தின் லீ என்ஃபீல்ட் நாலு கிலோவுக்கு மேல் நிறை, நீளம் நாலடிக்கு மேல். பன்னிரண்டு வயதுப் பையன் அதைத் தோளில் வைத்தால் துவக்கு அவனைப் பிடித்திருக்கும், அவன் துவக்கைப் பிடித்திருக்க மாட்டான். உதையும் பலம், ரவையும் விலை, சுட்டால் சன்னம் ஊரைத் தாண்டும். அதனால் முதலில் ஒரு உபாயம் செய்தார்கள். பெரிய துவக்கின் குழலுக்குள் ஒரு மெல்லிய குழலைச் சொருகினார்கள். மொறிஸ் குழல் என்று பெயர். சின்ன ரவை, சின்னச் சத்தம், 25 யார் தூரமுள்ள ஒரு மண்டபமே போதும். ஆனால் பையன் தூக்குவது அதே நாலு கிலோவைத்தான்.

இன்னொரு வழி ஏற்கெனவே இருந்தது. பிரான்ஸில் ஃப்ளோபேர் என்பவர் 1845 அளவில் வீட்டு விறாந்தையில் சுட்டு விளையாடும் அளவுக்குச் சின்ன ரவை ஒன்றைச் செய்திருந்தார். அந்த வழியில் 1857இல் அமெரிக்காவின் ஸ்மித் அன்ட் வெஸன் 'பொயின்ட் டூ டூ' ரவையைக் கொண்டுவந்தது. அதாவது 0.22 அங்குலம், ஐந்தரை மில்லிமீற்றர் சொச்சம். 1887இல் ஸ்ரீவன்ஸ் கம்பனி அதைக் கொஞ்சம் நீட்டி 'லோங் ரைபிள்' என்று விட்டது. இன்றுவரை உலகமெங்கும் பிள்ளைகள் பழகுவது பெரும்பாலும் அந்த ரவையில்தான். சன்னம் இரண்டரை கிராம் அளவு, உதை இல்லை என்றே சொல்லலாம். ஆனால் விளையாட்டுச் சாமான் என்று நினைக்கக்கூடாது. மேல்நோக்கிச் சுட்டால் ஒரு மைலுக்கு அப்பாலும் போய் விழும்.

இந்த ரவைக்கு அமெரிக்கக் கம்பனிகள் பையன்களுக்கென்றே துவக்கு செய்தன. ஸ்ரீவன்ஸின் 'ஃபேவரிட்' இரண்டு கிலோ அளவு. வின்செஸ்டரின் 1900ஆம் ஆண்டு மாதிரி இன்னும் சின்னது, ஒன்றேகால் கிலோதான், குழல் 18 அங்குலம். அதை வடிவமைத்தவர் ஜோன் பிரௌனிங், அந்தக் காலத்தின் பெரிய துவக்குக் கைவினைஞர். பார்த்தால் ஒன்றுமில்லாத சாமான். ஆனால் அதில் இரண்டு விசயம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு தடவைக்கு ஒரு ரவைதான் போடலாம். இது முதலாவது. பையன் சுட்டதும் துவக்கு வெறுமை. அடுத்ததற்கு அவன் நிறுத்தி, திறந்து, எடுத்து, போட்டு, மூட வேண்டும். பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் திறந்த துவக்கைப் பார்த்து ரவை இருக்கிறதா இல்லையா என்று தன் கண்ணாலேயே உறுதி செய்யலாம். ஒன்றன்பின் ஒன்றாகச் சுடும் துவக்குகளும் அப்போது கடையில் இருந்தன, பையன்களுக்கு ஆசையும் அதில்தான். வாப்பாமார் வாங்கிக் கொடுத்தது ஒற்றை ரவைத் துவக்கு.

இரண்டாவது, மூடியவுடன் அது சுடத் தயாராகாது. பின்னால் உள்ள குமிழைக் கையால் இழுத்துக் குதிரையை ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் விசையை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. சுட வேண்டும் என்று பிள்ளை தனியாக ஒரு முறை முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வகுப்பில் கையை உயர்த்திவிட்டுப் பேசு என்று நாம் சொல்வதும் இதே காரணத்துக்குத்தானே?

நிறை குறைந்தால் நல்லது என்று நினைத்துவிடவும் முடியாது. மிக இலேசான துவக்கு, மூச்சு விட்டாலே ஆடும். நீளமும் அப்படித்தான். பின்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் விசையை எட்ட வேண்டும் என்பது பழைய அளவு. எட்டாவிட்டால் பிள்ளை தலையைப் பின்னுக்கு வளைப்பான், தோளை முறுக்குவான், அந்தப் பிழைப் பழக்கம் பிறகு போகாது. பெரிய அண்ணனின் சப்பாத்தைப் போட்டு ஓடப் பழகுவது போலத்தான்.

இங்கிலாந்துக்காரர் என்ன செய்தார்கள்? 'போர் அமைச்சின் சிறு துவக்கு' என்றே ஒரு மாதிரியை உருவாக்கினார்கள். ரவை சின்னது, விலை குறைவு. ஆனால் கையில் எடுத்தால் இராணுவத் துவக்கு போலவே இருக்க வேண்டும் என்பது எண்ணம். லீ என்ஃபீல்டையே 0.22க்கு மாற்றியும் செய்தார்கள். இதில்தான் எனக்கு ஒரு நெருடல். அமெரிக்க விவசாயி தன் மகனின் கையை அளந்து துவக்கு வாங்கினார். இங்கே துவக்கை முதலில் தீர்மானித்துவிட்டுப் பையன் அதற்கு வளரட்டும் என்று விட்டார்கள். அவுஸ்திரேலியா ஒருபடி மேலே போய் 1911இல் பன்னிரண்டு வயது முதல் பதினெட்டு வரை எல்லாப் பையன்களுக்கும் படையணிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பாமல் வழக்கைச் சந்தித்தன. பெயரை வெட்டச் சொல்லி வந்த வாப்பாமார் அங்கேயும் இருந்தார்கள்.

1905இல் பன்னிரண்டு வயதில் மண்டபத்தில் பழகிய பையனுக்கு 1914இல் இருபத்தொரு வயது. மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. கிப்ளிங்கின் மகன் ஜோனுக்குக் கண் பார்வை மிகக் குறைவு. இராணுவம் அவனை எடுக்க மறுத்தது. தகப்பன் விடவில்லை, லோர்ட் ரொபர்ட்ஸிடம் பேசி ஐரிஷ் கார்ட்ஸ் படையில் இடம் வாங்கிக் கொடுத்தார். 1915 செப்டம்பரில் லூஸ் சண்டையில் அவன் காணாமல் போனான். வயது பதினெட்டு. கிப்ளிங் உயிரோடு இருந்தவரை உடல் அடையாளம் காணப்படவே இல்லை. கொனன் டொயிலின் மகன் சோம் சண்டையில் காயப்பட்டு, 1918இல் நோயில் இறந்தான். ரொபர்ட்ஸின் மகன் ஏற்கெனவே கொலென்சோவில் போய்விட்டான். கழகங்களுக்கு முன்னுக்கு நின்ற மூன்று தகப்பன்மார், மூன்று மகன்கள்.

வீட்டுக்குள் துவக்கை வைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. 2013இல் அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில் ஐந்து வயதுப் பையன் ஒருவன், தனக்கென்று வாங்கித் தந்திருந்த 0.22 துவக்கால் தன் இரண்டு வயதுத் தங்கச்சியைச் சுட்டுவிட்டான். துவக்கு வீட்டு மூலையில் சாத்தி வைத்திருந்தது. உள்ளே ஒரு ரவை இருந்தது பெரியவர்களுக்குத் தெரியாது. அளவான துவக்குதான், ஒற்றை ரவைதான். பக்கத்தில் ஆள் இல்லை. நம் நாட்டில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது, பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கவும் முடியாது. நம் சட்டங்களில் நான் குறை சொல்லாதவற்றில் இதுவும் ஒன்று.

அம்பெறியவும் நீந்தவும் குதிரை ஏறவும் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள் என்று உமர் (ரழி) அவர்கள் சொன்னதாக நாம் பயான்களில் கேட்டு வளர்ந்தவர்கள். அதைச் சொல்லும் அளவுக்கு இன்னொன்றை நாம் சொல்வதில்லை. புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ் அது: அம்போடு பள்ளிவாசலிலோ சந்தையிலோ நடப்பவர், யாருக்கும் பட்டுவிடாமல் அதன் முனையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் சுடுதளத்திலும் முதல் பாடம். சுடுவது பிறகுதான் வருகிறது.

இந்த நாட்டில் முஸ்லிம் ஒருவர் துவக்கைப் பிடிப்பது புதுக்கதையும் இல்லை. பதுளையிலும் அம்பாந்தோட்டையிலும் உள்ள நம் மலாய்க் குடும்பங்களில் சிலவற்றின் மூதாதையர் சிலோன் ரைபிள் படைப்பிரிவில் இருந்தவர்கள். 1873இல் கலைக்கப்படும்வரை அதன் பெரும்பகுதி அவர்கள்தான். மாணவர் படையணி 1881இல் றோயல் கல்லூரியில் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

சனிக்கிழமை அந்த வாப்பா வந்தார். மகனுக்குக் கொடுத்தது காற்றுத் துவக்கு, பத்து மீற்றர் தூரம், நாலரை மில்லிமீற்றர் சன்னம். வெடிமருந்தே இல்லை என்றதும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. முதலில் கொடுத்த துவக்கின் பின்கட்டை நீளம் கூடியது. முழங்கை மடிப்பில் வைத்துப் பார்த்த பயிற்றுநர் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். பிள்ளை படுத்தான், கன்னத்தை வைத்தான், பிறகு கழுத்தை ஒரு மாதிரிச் சரித்து இடது கண்ணால் பார்க்கத் தொடங்கினான். பயிற்றுநர் திருத்தினார். அவன் திரும்பவும் சரித்தான்.

எனக்குப் பக்கத்தில் நின்ற வாப்பா மெதுவாகச் சொன்னார். "சேர், இவன் வலக்கண்ணால பாக்கவே இல்லயே."

துவக்கை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, இடது கண்ணைப் பொத்தி, சுவரில் இருந்த அறிவித்தலை வாசிக்கச் சொன்னோம். முதல் வரியின் பெரிய எழுத்துக்களே அவனுக்குத் தெரியவில்லை. ஒன்பது வருடம் பள்ளிக்கூடம் வந்த பிள்ளை. கரும்பலகையைப் பார்க்க ஏன் தலையைச் சரிக்கிறான் என்று நானும் ஒரு நாள் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை பதுளையில் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறார்கள், துஆச் செய்யுங்கள். பட்டியலில் அவன் பெயரை இன்னும் வெட்டவில்லை. வாப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் பதிவோடு படம் எதுவும் போடவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.