சிறை வாசலும் பழைய துணிக் கடையும்

த்ரிஃப்ட் ஸ்டோர்னு சொன்னதும் நம்மில் பலருக்கு இன்ஸ்டாகிராம்ல விற்கிற பழைய டெனிம் ஜாக்கெட்தான் ஞாபகம் வரும். ஆனா அந்தக் கடைகளோட வரலாற்றைத் தேடிப் போனா, சிறையிலிருந்து வெளிய வந்தவங்களும் வீடில்லாதவங்களும்தான் முதல்ல கண்ணுல படுறாங்க. அந்தக் கதையை இன்னைக்கு சேலத்துக்குப் பக்கத்துல இருக்கிற அயோத்தியாப்பட்டணத்துல இருந்து தொடங்குறேன்.

அந்த ஊர்ல ஒரு கோதண்டராமர் கோயில் இருக்கு. வனவாசமும் இலங்கைப் போரும் முடிஞ்சு திரும்பும் வழியில ராமர் இங்க தங்கி, பட்டாபிஷேகக் கோலத்துல காட்சி கொடுத்தார்னு தல வரலாறு சொல்லுது. 14 வருஷம் கழிச்சு வந்தவருக்குக் கிரீடம் காத்திருந்தது.

அதே சேலத்துல 1862-ல் தொடங்கின மத்திய சிறையும் இருக்கு. அங்கேயும் 14 ஒரு முக்கியமான எண். மரண தண்டனைக்கும் வாய்ப்பிருக்கிற ஒரு குற்றத்துக்கு ஆயுள் தண்டனை வாங்கினவர், குறைஞ்சது 14 வருஷம் உள்ள இருக்கணும். 1978-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்த 433ஏ பிரிவு அப்படிச் சொன்னது. இப்போ வந்திருக்கிற புதுச் சட்டத்திலும் அந்த வரம்பு தொடருது. சரி, இந்த 14 வருஷம் முடிச்சு வெளிய வர்றவருக்காக வாசல்ல யார் நிக்கிறாங்க?

இந்தக் கேள்விக்கு 1883-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்துல ஒரு பதில் கிடைச்சது. சால்வேஷன் ஆர்மிக்காரங்க, அதாவது நம்ம ஊர்ல இரட்சணிய சேனைன்னு சொல்றோமே, அவங்க சிறை வாசலுக்கே போய், விடுதலையானவங்களைக் கூட்டிட்டு வந்து தங்க இடம் கொடுத்தாங்க. அந்த வேலை அடுத்த சில வருஷங்கள்ல கொழும்புக்கும் வந்தது. 1890-ல் அந்த அமைப்பின் நிறுவனர் வில்லியம் பூத் எழுதின புத்தகத்துல இன்னொரு யோசனை இருந்தது. லண்டன் வீடுகள்ல கழிக்கிற துணி, காகிதம், சாமான் எல்லாத்தையும் வேலையில்லாதவங்க சேகரிக்கணும், தரம் பிரிச்சு, பழுது பார்த்து விற்கணும். 1902-ல் அமெரிக்காவின் பாஸ்டன்ல எட்கர் ஹெல்ம்ஸ்ங்கிற பாதிரியார் கிட்டத்தட்ட இதையே செஞ்சார். இன்னைக்கு அமெரிக்கா முழுக்க இருக்கிற குட்வில் கடைகள் அப்படி வந்தவைதான்.

எனக்கு இதுல ரொம்ப முக்கியமாத் தெரியுறது பிரான்ஸ் கதை. 1949. ஆபே பியேர்ங்கிற பாதிரியார், அப்போ நாடாளுமன்ற உறுப்பினரும்கூட, பாரிஸுக்கு வெளிய ஒரு பழைய வீட்டைச் செப்பனிட்டுட்டு இருந்தார். தற்கொலைக்கு முயன்ற ஒருத்தரைப் பார்க்கக் கூப்பிட்டாங்க. பேரு ஜார்ஜ் லெகே. கொலைக் குற்றத்துக்காகத் தென் அமெரிக்காவில் இருந்த பிரெஞ்சுத் தீவாந்தரச் சிறையில பல வருஷம் கிடந்துட்டு வந்தவர். திரும்பி வந்தா குடும்பத்துல அவருக்கு இடமில்லை. பாதிரியார் பணம் எதுவும் கொடுக்கலை. வீடில்லாதவங்களுக்கு வீடு கட்டுறேன், உதவிக்கு ஆள் வேணும், வர்றியான்னுதான் கேட்டார். லெகே வந்தார். எம்மாவுஸ் இயக்கத்தின் முதல் தோழர் அவர்தான்.

பதவி போய் சம்பளம் நின்னதும், அங்க தங்கியிருந்தவங்க குப்பை பொறுக்கி, பழைய சாமான் சேகரிச்சு விற்று, தங்களோட சாப்பாட்டைத் தாங்களே சம்பாதிக்க ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு எம்மாவுஸ் கடைகள் பல நாடுகள்ல இருக்கு. ஆபே பியேர் மேல பல பெண்கள் சொன்ன பாலியல் குற்றச்சாட்டுகளை 2024-ல் எம்மாவுஸே வெளியிட்டது. அவர் பேரைச் சுமந்த அறக்கட்டளை அந்தப் பேரை விட்டுடுச்சு. அந்தப் பெண்களை ஒதுக்கி வச்சுட்டு இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. ஆனா அந்தக் கடைகளை நடத்துறது வேற ஆயிரக்கணக்கானவங்க. அவங்க உழைப்பும் இந்த வரலாறுதான்.

இப்போ நம்ம பக்கம் வருவோம். இங்க இரட்சணிய சேனைக்கு வேற ஒரு முகமும் இருந்தது. 1871-ல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு மதராஸ் மாகாணத்துக்கும் நீண்டது. சேலம் பக்கத்துக் குறவர்களும் அதுல மாட்டினாங்க. அப்படி முத்திரை குத்தினவங்களை அடைச்சு வைக்க 1913-ல் உருவான ஸ்டூவர்ட்புரம் குடியிருப்பை, இன்னைக்கு அது ஆந்திராவில் இருக்கு, நடத்தினது இதே சேனைதான். மெல்போர்ன்ல சிறை வாசல்ல நின்னு வரவேற்றவங்க, இங்க காவல்காரங்களா ஆனாங்க. குற்றமே செய்யாதவங்க, பிறப்பால கைதி. 1952-ல்தான் நாடு முழுக்க அந்தச் சட்டம் போச்சு.

பழைய துணிக்கும் இங்க ஒரு கசப்பான வரலாறு உண்டு. ஆண்டை கழிச்சுப் போட்ட துணியைப் பண்ணையாள் வாங்கி உடுத்தணும்னு இருந்த ஊர் இது. அதனால, தானமா வர்ற பழைய துணி அவமானத்தையும் கூடவே கொண்டு வரும். தெருவுல வர்ற எவர்சில்வர் பாத்திரக்காரர்கிட்ட பழைய புடவையைக் கொடுக்கிறதுல அந்த உறுத்தல் கிடையாது, ஏன்னா அது பண்டமாற்று. 2004 சுனாமிக்குப் பிறகு லாரி லாரியா வந்த பழைய துணிகளை நம்ம கடலோர மக்கள் தொடலை. சாலையோரத்துல குவிஞ்சு கிடந்தது. உழைச்சுச் சாப்பிட்ட மீனவங்களுக்கு அது உதவியாத் தெரியலை.

அந்தக் குவியல்களை எடுத்துத் தரம் பிரிக்க வந்தது டெல்லியில் 1999-ல் அன்ஷு குப்தா தொடங்கின கூஞ்ச் அமைப்பு. தன் வீட்டு அலமாரியில இருந்த 67 துணிகளோட தொடங்கினவர் அவர். கூஞ்ச் துணியை இலவசமாக் கொடுக்கிறதில்லை. கிராமத்து மக்கள் குளம் தூர் வார்றாங்க, பாதை போடுறாங்க. அந்த உழைப்புக்கு ஈடா துணி. 2015-ல் அவருக்கு மகசேசே விருது கிடைச்சது.

கைதிகள் விஷயத்துல தமிழ்நாடு சும்மா இருக்கலை. மத்திய சிறைகள்ல சிறைச் சந்தை நடக்குது. கைதிகள் செஞ்ச ரொட்டி, துணி, சோப்பு வாங்கலாம், நல்லாவும் இருக்கு. விடுதலையானவங்களுக்கு உதவுற சங்கம் மதராஸ் மாகாணக் காலத்துல இருந்தே உண்டு. ஆனா சிறைக்குள்ள ரொட்டி சுட்டவர் வெளிய வந்து பேக்கரியில வேலை கேட்டா, முதல் கேள்வி ‘இத்தனை வருஷம் எங்க இருந்தே?’ங்கிறதுதான். உள்ள கத்துக்கிட்ட தொழில் அந்தக் கேள்வி முன்னாடி நின்னுடுது. எம்மாவுஸ் மாதிரி இடங்கள்ல அந்தக் கேள்வியே கிடையாது. வந்தவரோட பழைய கதையைக் கேட்காம, துணி பிரிக்கத் தெரியுமா, நாற்காலி பழுது பார்க்கத் தெரியுமான்னு கேட்கிறாங்க.

அடுத்த தடவை அலமாரியைக் காலி பண்ணும்போது, அந்தப் பையை வாங்கிக்கிற அமைப்புகிட்ட இரண்டு விஷயம் கேளுங்க. இதைப் பிரிக்கிறது யாரு? அவங்களுக்குக் கூலி உண்டா? பழைய சட்டை யாருக்குப் போகுதுங்கிறதைவிட இந்தப் பதில்கள்தான் எனக்கு முக்கியமாப் படுது.