பாத்திரம் கேட்காத கேள்வி

எம்.ஏ. வகுப்பில் மணிமேகலை நடந்தபோது ஒரு சந்தேகம் கேட்டேன். ஒரு நாவற்கனியை மிதித்துவிட்டதற்காகக் காயசண்டிகைக்குப் பன்னிரண்டு ஆண்டு யானைத்தீ நோயா? 'எல்லாம் ஊழ்வினைப்பா' என்று சொல்லிவிட்டு ஆசிரியர் பக்கத்தைப் புரட்டினார். அந்தப் பதில் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

சாத்தனாரின் பிரதிக்குள் துன்பம் குறித்து இரண்டு குரல்கள் இருக்கின்றன. ஒன்று, முற்பிறவிக் கணக்குச் சொல்லும் குரல். இன்னொன்று அமுதசுரபியினுடையது. வந்தவர் என்ன செய்தார் என்று அது கேட்பதில்லை. பசிக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. மணிமேகலை சிறைக்குள் போய்ச் சோறிடுகிறாள். அங்கே இருப்பவர்கள் அரசன் தண்டித்தவர்கள், அதாவது துன்பத்துக்கு 'உரியவர்கள்'. பிறகு அவள் அரசனிடம் கேட்பது ஒன்றுதான்: சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டும். தகுதி பார்க்காத கருணை கடைசியில் ஓர் அரசு நிறுவனத்தையே மாற்றச் சொல்கிறது. இதை வெறும் தானதருமமாக வாசிப்பது பிரதியைச் சுருக்கிவிடுவதாகும்.

தகுதி பார்க்கும் கருணை என்ன ஆகும் என்பதற்கு 1876-78 பஞ்சம் சாட்சி. 1877இல் சென்னை மாகாணத்து நிவாரண வேலைகளில் ரிச்சர்ட் டெம்பிள் வைத்த கூலி, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சொற்பக் காசும். தாராளமாகக் கொடுத்தால் சனங்கள் கெட்டுப்போவார்கள் என்பது தர்க்கம். அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல்.

1898இல் இரண்டு காரியங்கள் நடந்தன. உ.வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தார். அயோத்திதாசப் பண்டிதர் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில் அவர் திரும்பத் திரும்ப வாதிட்டது இதுதான்: ஒடுக்கப்பட்ட இம்மக்கள் பூர்வ பௌத்தர்கள், அவர்கள் மேல் உள்ள இழிவு பிறவியோடு வந்ததல்ல, வரலாற்றில் சுமத்தப்பட்டது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் ஏற்ற அம்பேத்கர் இன்னும் நேராகவே கேட்டார். முற்பிறவிக் கர்மக் கோட்பாடு, ஏழைகளின் நிலைக்கான பொறுப்பிலிருந்து அரசும் சமூகமும் நழுவிக்கொள்ளத்தான் உதவும் என்பது, 1957இல் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அவர் வைக்கும் வாதம்.

இருவரும் பௌத்தத்துக்கு வெளியே நின்று இதைப் பேசவில்லை. அமுதசுரபியின் பக்கம் நின்று ஊழ்வினையைக் கேள்வி கேட்டார்கள் என்றே நான் வாசிக்கிறேன்.

'பாவம், போன ஜென்மத்துல என்ன பண்ணிட்டு வந்தாளோ' என்று நாம் உச்சுக் கொட்டுகிறோம். அதற்குள் இரக்கமும் இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. தீர்ப்பைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது சோறு போடும் வேலையும், சிறைக்கோட்டத்தை என்ன செய்வது என்கிற கேள்வியும்தான்.