வாக்கும் வாழ்வும்: இலங்கையின் தேர்தல்களில் அரிசியும் நோயும் உரமும்

இலங்கையின் பொதுத் தேர்தல்களைப் பற்றி எழுந்த வரலாறுகள் பெரும்பாலும் கட்சிகளின் வெற்றி தோல்விகளையும், தலைவர்களின் எழுச்சி வீழ்ச்சிகளையும், இன, மொழிப் பிரச்சினைகளையுமே முதன்மைப்படுத்தி வந்துள்ளன. இஃது இயல்பானதே. 1956 ஆம் ஆண்டின் மொழிப் பிரச்சினையையோ 1977 ஆம் ஆண்டின் தமிழீழக் கோரிக்கையையோ ஒதுக்கிவிட்டு அவ்வாண்டுகளின் தேர்தல்களை விளக்குதல் இயலாது. எனினும், வாக்களிக்கச் செல்லும் குடியானவன் ஒருவனின் மனத்திலே அரிசியின் விலையும், பிள்ளையின் காய்ச்சலும், மருந்துச் செலவும், தோட்டத்துக்கு வேண்டிய உரமும் இடம்பெறாதிருந்த தேர்தல் எதுவுமில்லை. பொருளாதாரம், சுகாதாரம், விஞ்ஞானம் ஆகிய துறைகளைச் சார்ந்த இவ்விடயங்கள் தேசியத் தேர்தல்களிலே எப்பொழுது இடம்பெற்றன, எப்பொழுது இடம்பெறாது போயின, அதனால் விளைந்தவை யாவை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இறுதியிலே இவ்வினாவைப் புத்தளம் மாவட்டக் கரையோரத்து மாம்புரியின் நிலையில் வைத்து நோக்குவோம்.

டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் 1931 இல் 21 வயதை எய்திய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிட்டியது. பிரித்தானியாவிலேயே பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமையைப் பெற்றது 1928 இலேதான். மூன்றே ஆண்டுகளில் அவ்வுரிமை குடியேற்ற நாடொன்றின் ஏழைக் கமக்காரனுக்கும் அவன் மனைவிக்கும் கிடைத்தமை பெரும் மாற்றமாகும். சொத்தும் கல்வியும் உடையோரின் ஆதரவை மட்டுமே நாடி வந்த அரசியல்வாதி, இப்பொழுது ஒற்றையடிப் பாதையில் நடந்து குடிசை வாசலில் நிற்கவேண்டியவனானான். அங்கே அவனிடம் கேட்கப்பட்டவை ஆசுபத்திரி, பாடசாலை, பாதை என்பன. பின்னாளில் இலங்கை அடைந்த சுகாதார முன்னேற்றத்தின் வேர் இங்கேதான் உள்ளது.

இதற்கு முதற் சோதனையாக அமைந்தது 1934-35 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய். 1934 இல் தென்மேல் பருவக்காற்று மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளில் நுளம்பு பெருகியது. உலர் வலயத்து மக்களைப் போல இந்நோய்க்குப் பழகியிராத ஈர வலயத்து மக்களை அது தாக்கியது. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் பெரிதும் பாதிப்புற்றன. சில மாதங்களுள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அவ்வேளையில் சூரியமல் இயக்கத்தைச் சார்ந்த இளைஞர்கள் கிராமங்களுக்குச் சென்று மருந்தும் உணவும் வழங்கினர். அவர்களுட் பலர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாசக் கட்சியை நிறுவினர். 1936 இல் நடைபெற்ற அரசாங்க சபைத் தேர்தலில் அக்கட்சியின் என். எம். பெரேரா ருவன்வெல்லையிலும், பிலிப் குணவர்தன அவிசாவளையிலும் வெற்றி பெற்றனர். நோயுற்ற காலத்தில் வாசலுக்கு வந்தவரை மக்கள் வாக்களிக்கும் காலத்தில் மறக்கவில்லை.

ஆயினும் நோயைத் தீர்த்த அறிவியலுக்குத் தேர்தல் மேடையில் இத்தகைய இடம் கிட்டவில்லை என்பது சிந்தித்தற்குரியது. 1946 இல் நாடெங்கும் டி.டி.ரீ. தெளிக்கும் பணி தொடங்கியது. அவ்வாண்டில் ஆயிரவருக்கு 20 என்ற அளவிலிருந்த இறப்பு வீதம் 1947 இல் 14 என்ற அளவிற்கு வீழ்ந்தது. இவ்வீழ்ச்சியில் டி.டி.ரீ.யின் பங்கு எவ்வளவு, உணவு நிலையும் கிராமிய வைத்தியசாலைகளும் பெருகியமையின் பங்கு எவ்வளவு என்பது குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும் அது வரலாற்றுச் சாதனையே. அதே 1947 இல் நிகழ்ந்த முதலாவது பாராளுமன்றத் தேர்தலிலே அது முதன்மைப் பொருளாகவில்லை. 1963 இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே பதிவாயினர். வெற்றி கிட்டியதெனக் கருதித் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்த்தப்பட்டன. 1968-69 இல் நோய் மீண்டு இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. அதன் பின்னர் 1970 இல் வந்த தேர்தலைத் தீர்மானித்த பொருள் மலேரியாவன்று; அரிசியே. உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளர் இனங்காணப்பட்டது 2012 இல்; உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடெனச் சான்றளித்தது 2016 இல். நுளம்பு ஒழிப்பு ஊழியரும் ஆய்வுகூடப் பணியாளரும் தேர்தல் ஆரவாரத்துக்குப் புறத்தே நின்று ஈட்டிய வெற்றி அது.

இனி, மேடையை விட்டு நீங்காத அரிசியை நோக்குவோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஏற்பட்ட பங்கீட்டு முறை, போர் முடிந்த பின்னரும் மானிய அரிசியாக நிலைத்தது. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலிலே கொத்து அரிசியின் விலை 25 சதமாகவே இருக்கும் என்ற உறுதியோடு டட்லி சேனநாயக்க வெற்றி பெற்றார். கொரியப் போர்க்காலத்து இறப்பர் விலை வீழ்ந்து அந்நியச் செலாவணி கரைந்தபோது, 1953 யூலையில் அவ்விலை 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12 ஆம் நாள் எழுந்த ஹர்த்தால் அரசாங்கத்தையே நடுங்கச் செய்தது. ஒக்டோபரில் டட்லி பதவி துறந்தார். அவரே மீண்டும் பிரதமராயிருந்த 1966 இன் இறுதியில், வாரத்துக்கு இரு கொத்தாக இருந்த பங்கீடு ஒரு கொத்தாகக் குறைக்கப்பட்டு அது இலவசமாக வழங்கப்பட்டது. 1970 இல் மற்றைய கொத்தையும் தருவதாகக் கூறிய ஐக்கிய முன்னணி 151 ஆசனங்களில் 116 ஐக் கைப்பற்றியது. சந்திரனிலிருந்தாயினும் அரிசி கொணர்வோம் எனத் திருமதி பண்டாரநாயக்க கூறியதாக இன்றும் பேசப்படுகின்றது. மனிதன் சந்திரனில் கால்வைத்த மறு ஆண்டு அது. ஏழு ஆண்டுகளின் பின், பாண் வரிசைகளால் மனம் வெறுத்த மக்களுக்கு ஐக்கிய தேசியக் கட்சி வாரம் எட்டு இறாத்தல் தானியம் தருவதாகக் கூறி, 168 ஆசனங்களில் 140 ஐப் பெற்றது. அவ்வரசாங்கமே 1979 இல் பங்கீட்டை ஒழித்து உணவு முத்திரையைப் புகுத்தியது. விலைவாசி ஏற ஏற முத்திரையின் பெறுமதி தேய்ந்தது.

அயலிலும் இந்நிலையே காணப்பட்டது. 1967 இல் சென்னை மாநிலத்தில் இந்தி எதிர்ப்போடு அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்து காங்கிரசு ஆட்சியை வீழ்த்தியது. ரூபாய்க்கு மூன்று படி அரிசியை இலட்சியமாகக் கூறி அரியணை ஏறிய தி.மு.க., ஒரு படித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய அளவில் நிதிச்சுமையை உணர நேர்ந்தது.

இவற்றை 'அரிசி அரசியல்' என இகழ்வோர் பலர். வாக்கைச் சோற்றுக்கு விற்றனர் என்பது அவர்தம் குற்றச்சாட்டு. இக்கூற்றை ஏற்பதற்கு முன், வாக்கில்லாதோர் நிலை யாதாயிற்று என்பதை ஆராய்தல் வேண்டும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து வந்த தேர்தற் சட்டமும் மலையகத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. அதன் பின் பல்லாண்டுகளாக அவர்களின் வாசலுக்கு வாக்குக் கேட்டு எவரும் செல்லவேண்டியிருக்கவில்லை. கிராமங்களிலே அரசாங்க வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் பெருக, தோட்டங்களின் சுகாதாரமும் கல்வியும் நிர்வாகங்களின் கையில் விடப்பட்டுப் பின்தங்கின. உலகச் சந்தையில் தானிய விலை ஏறி உள்நாட்டில் பங்கீடு குறுகிய 1974 இல், இறப்பு வீதம் மிகக் கொடுமையாக உயர்ந்தது தோட்டங்களிலேயே. ஒரே நாடு, ஒரே பஞ்சம். வாக்குள்ளவனிடம் அரசு கணக்குக் காட்டவேண்டியிருந்தது, வாக்கற்றவனிடம் அக்கடப்பாடு இருக்கவில்லை. ஆதலால் அரிசியைக் கேட்ட வாக்காளனை இகழ்வது பொருந்தாது. அவன் கேட்டது உயிர்வாழும் உரிமையையேயாகும்.

எனினும் இம்முறையில் ஒரு குறைபாடு உண்டு. விலையாக மாறிய பிரச்சினை மேடையேறுகின்றது. விலையாக மாறாத பிரச்சினை கீழேயே நின்றுவிடுகின்றது. மருந்துக் கொள்கையின் கதை இதற்குச் சான்று. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது. வணிகப் பெயர்களை விடுத்து மருந்தின் பொதுப் பெயராற் கொள்வனவு செய்தல், தேவையற்ற மருந்துகளைப் பட்டியலிலிருந்து நீக்குதல் முதலிய அவரது கொள்கைகள் ஏனைய நாடுகளின் கவனத்தையும் ஈர்த்தன. 1977 இன் பின் வந்த திறந்த பொருளாதாரத்தில் அவை வலுவிழந்தன. 2015 சனவரியில் நடைபெற்ற சனாதிபதித் தேர்தலில், சுகாதார அமைச்சராயிருந்த மைத்திரிபால சிறிசேன போட்டியிட்ட பின்னரே அவரது நூறு நாள் வேலைத்திட்டத்தின் வழியாக மருந்துக் கொள்கை மீண்டும் தேசிய அரங்குக்கு வந்தது. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் அவ்வாண்டில் நிறைவேறியது. பிபிலே 1977 இலேயே மறைந்துவிட்டார்.

இப்பின்னணியில் மாம்புரியை நோக்குதல் தகும். கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில், நுரைச்சோலைக்கு அண்மையில் அமைந்தது இவ்வூர். ஒரு புறம் கடல், மறு புறம் புத்தளக் களப்பு. இடையே மணல் நிலம். மீன்பிடியும், ஆழமற்ற கிணற்று நீரை இறைத்துச் செய்யும் வெங்காய, மிளகாய், மரக்கறித் தோட்டங்களும் இக்குடாநாட்டு மக்களின் வாழ்வாதாரம். தேசியத் தேர்தலின் முடிவை மாற்றுமளவுக்கு இங்கு வாக்குகள் இல்லை. ஆயினும் தேசத்தின் விஞ்ஞான, பொருளாதார முடிவுகள் பல இம்மணலிலேயே வந்திறங்கின.

முதலாவது மின்சாரம். 1996 இலும் 2001-02 இலும் மழை பொய்த்து நீண்ட மின்வெட்டு ஏற்பட்டபோது, நாடு நீரை மட்டும் நம்பியிருத்தலாகாது என்பது தெளிவாயிற்று. நுரைச்சோலையில் நிலக்கரி மின்நிலையம் அமைக்கும் திட்டத்தை மீனவரும் தோட்டக்காரரும் கத்தோலிக்கத் திருச்சபையினரும் எதிர்த்தனர். தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தின் அண்மையும் அவ்வெதிர்ப்புக்கு ஒரு காரணம். அடுத்தடுத்து வந்த அரசாங்கங்கள் தயங்கின. 2005 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலின் பின் தயக்கம் நீங்கியது. 2006 இல் சீனக் கடனுதவியோடு வேலை தொடங்கி, 2011 இல் முதலாம் பிரிவும் 2014 இல் ஏனைய இரண்டும் இயங்கலாயின. மொத்த வலு 900 மெகாவாற்று. நாட்டின் விளக்குகள் எரிந்தன. நிலக்கரித் தூளும் சாம்பலும் காற்றோடு வந்து வீடுகளிலும் பயிர்களிலும் படிகின்றன என்பது சூழவுள்ள மக்களின் நீண்டகால முறைப்பாடாயிற்று. அதே காற்றைக் கொண்டு மின்னாக்கும் தனியார் காற்றாலைகள் 2010 முதல் மாம்புரியில் சுழல்கின்றன. நிலக்கரியும் காற்றும் சில மைல்களுக்குள்ளே அருகருகே நிற்கும் இவ்விடத்தில், இவற்றுள் எதனை நாடு தேர்ந்துகொள்ள வேண்டும், அதன் சுமையை யார் ஏற்கவேண்டும் என்ற வினா மேடையிலே விரிவாக விவாதிக்கப்பட்டிருத்தல் வேண்டும். மேடையிற் பேசப்பட்டதோ மின்வெட்டும் மின்கட்டணமுமே.

இரண்டாவது உரம். 2005 ஆம் ஆண்டுத் தேர்தலில் 50 கிலோ உரமூட்டையை 350 ரூபாவுக்கு நெற்செய்கையாளருக்கு வழங்குவதாக மகிந்த ராஜபக்ச வாக்களித்தார். 2019 இல் அவரது இளவல் கோத்தபாய ராஜபக்சவின் விஞ்ஞாபனம் பத்தாண்டுகளில் இயற்கைப் பசளைக்கு மாறுவதைக் குறிப்பிட்டது. பத்தாண்டு என்றது 2021 இல் ஒரே நாளாகச் சுருங்கியது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. விவசாய விஞ்ஞானிகளின் எச்சரிக்கைகள் செவியேறவில்லை. நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. தேர்தலை ஒட்டி அளிக்கப்பட்ட வரிக் குறைப்பாலும் கொள்ளைநோயாலும் தளர்ந்திருந்த பொருளாதாரம் 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்தவியலாது நின்றது. யூலையில் சனாதிபதி பதவி துறந்தார்.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். கற்பிட்டியின் மணல் நிலத்தில் இடும் உரம் விரைவாகக் கசிந்து நிலத்தடி நீரிற் கலக்கின்றது. கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு கடந்திருப்பதை ஆய்வாளர் பல்லாண்டுகளாக எழுதி வந்துள்ளனர். அத்தகைய நீர் கைக்குழந்தைகளின் குருதிக்கு ஊறு விளைவிக்கக்கூடியது. ஆயினும் மலிவான உரம் தேர்தற் பொருளாயிற்று, உரத்தடை ஆட்சியாளர் ஆணையாயிற்று. கிணற்று நீர் எத்தேர்தலிலும் தேசியப் பொருளாகவில்லை. நிலத்தடி நீர் என்ற சொல் தேசிய அரங்கில் உரக்க ஒலித்தது கொவிட் காலத்திலேதான். இறந்தோரைப் புதைத்தால் நீர் மாசுறும் என்று கூறி 2020 இல் கட்டாய தகனம் விதிக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் புறக்கணிக்கப்பட்டது. முசுலிம் குடும்பங்கள் ஆற்றொணாத் துயருற்றன. 2021 பெப்ரவரியில் விதி மாற்றப்பட்டது; 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. ஆய்வு சுட்டிய மாசு கவனிக்கப்படாதிருக்க, ஆய்வு சுட்டாத மாசு சட்டமாகியது. விஞ்ஞானத்தின் பெயர் அரசியலுக்குத் துணையாகும்போது விஞ்ஞானம் புறந்தள்ளப்படக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2024 செப்டெம்பரில் நிகழ்ந்த சனாதிபதித் தேர்தலில், சர்வதேச நாணய நிதியத்துடனான உடன்படிக்கையும் கடன் மறுசீரமைப்பும் வரியும் முதன்மைப் பொருள்களாயின. 1952 இல் கொத்து அரிசியின் விலையைக் கேட்ட வாக்காளன், எழுபத்திரண்டு ஆண்டுகளின் பின் அவ்விலையைத் தீர்மானிக்கும் காரணங்களையும் கேட்கத் தொடங்கினான். இது வளர்ச்சியே. ஆயின் அதற்கு அவன் கொடுத்த விலை எரிவாயு வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் ஆகும். துன்பம் வந்த பின்னரே வினா எழுவது ஒரு சமுதாயத்துக்கு நன்றன்று. துன்பத்துக்கு முன்னர் அவ்வினாக்களை எளிய மொழியில் மக்கள்முன் வைப்பது கற்றோர் கடன். பல்கலைக்கழக ஆய்வுகள் ஆங்கில ஏடுகளிலேயே உறங்குமாயின் அக்கடன் நிறைவேறாது. மாம்புரியின் தாயொருத்தி தன் கிணற்று நீரைப் பற்றிய ஆய்வைத் தன் மொழியில் அறிந்து, அடுத்த தேர்தலில் வாசலுக்கு வருபவரிடம் அதனைப் பற்றி வினவும் நிலை ஏற்படவேண்டும். 1931 இல் கிடைத்த வாக்குரிமை அத்தகைய வினாக்களுக்காகவே கிடைத்தது என்பதை வரலாறு எமக்கு உணர்த்தி நிற்கின்றது.