லாஸ் மெதுலாஸ்

லாஸ் மெதுலாஸ் என்பது ஸ்பெயின் நாட்டின் வடமேற்கில், லியோன் மாகாணத்தின் எல் பியர்சோ வட்டாரத்தில், பொன்ஃபெராதா நகரிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் அமைந்துள்ள பண்டைய ரோமானியத் தங்கச் சுரங்கத் தலமாகும். செஸ்நட் தோப்புகளுக்கு நடுவே கூர்கூராக எழுந்து நிற்கும் செம்மண் முகடுகள் மழையும் காற்றும் அரித்து உருவாக்கியவை போலத் தோன்றினாலும், அவை உண்மையில் மனிதர் தண்ணீரைக் கொண்டு ஒரு மலையை இடித்துக் கரைத்தபோது எஞ்சி நின்ற பகுதிகளே ஆகும்.

தோற்றமும் ரோமானியர் வருகையும்

மயோசீன் எனப்படும் நிலவியல் காலத்தில் ஆறுகள் அடித்து வந்து குவித்த கூழாங்கல், மணல், களிமண் ஆகியவற்றாலான இப்படிவுகளில் தங்கம் மிக நுண்ணிய துகள்களாகக் கலந்திருந்தது. ரோமானியருக்கு முன்பு, காஸ்த்ரோ எனப்படும் அரண் சூழ்ந்த குன்றுக் குடியிருப்புகளில் வாழ்ந்த அஸ்தூர் மக்கள் ஆற்று மணலை அரித்துச் சிறிதளவு தங்கம் எடுத்து வந்தனர். கி.மு. 29 முதல் 19 வரை நடந்த காந்தாப்ரியப் போர்களின் முடிவில் இப்பகுதி பேரரசர் அகஸ்டஸின் ஆட்சிக்குள் வந்தது. அவருடைய நாணய முறை ஆரியஸ் என்னும் பொற்காசைச் சார்ந்திருந்தமையால், வடமேற்கு ஹிஸ்பானியாவின் தங்கப் படிவுகள் அரசுடைமையாகி, கி.பி. 1ஆம் நூற்றாண்டில் பெருமளவிலான அகழ்வு தொடங்கியது.

மலையை இடிக்கும் முறை

ஏறத்தாழ கி.பி. 73இல் ஹிஸ்பானியாவில் நிதி அலுவலராகப் பணியாற்றிய மூத்த பிளினி, தமது ‘இயற்கை வரலாறு’ நூலின் 33ஆம் பகுதியில் இம்முறையை விவரித்து, அதற்கு ‘மலைகளின் வீழ்ச்சி’ எனப் பொருள்படும் ‘ருயினா மோன்டியம்’ என்ற தொடரை வழங்கியுள்ளார். விளக்கொளியில் மாதக்கணக்கில் பகல் வெளிச்சத்தைக் காணாது சுரங்கப் பாதைகளைக் குடைந்த தொழிலாளர்கள், இறுதியில் கூரையைத் தாங்கிய தூண்களை உள்ளிருந்து ஒவ்வொன்றாக வெட்டியதையும், மலை விரிசல் விடுவதை மேலிருந்து கண்ட காவலாளி குரல் கொடுத்ததும் அவர்கள் வெளியே ஓடியதையும் அவர் பதிவு செய்கிறார். மலை உச்சியிலுள்ள நீர்த்தேக்கங்களைத் திடீரெனத் திறந்து, மறுமுனை அடைபட்ட சுரங்கப் பாதைகளுக்குள் நீரைப் பாய்ச்சியபோது, நீரும் அதனால் அழுத்தப்பட்ட காற்றும் சேர்ந்து மலையை உள்ளிருந்து பிளந்தன என்று பிற்கால ஆய்வாளர்கள் விளக்கியுள்ளனர்.

இதற்கு வேண்டிய நீர், பாறைச் சரிவுகளில் மிதமான சாய்வுடன் செதுக்கப்பட்ட கால்வாய்களின் வழியே, நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மொத்த நீளத்தில், காப்ரேரா ஆற்றுப் பகுதி உள்ளிட்ட மலைநிலங்களிலிருந்து கொண்டுவரப்பட்டது. இடிந்து விழுந்த சேறு மர வாய்க்கால்களில் ஓடவிடப்பட்டு, அவற்றின் அடியில் பரப்பிய முட்செடிகளில் தங்கத் துகள்கள் படிந்தன. பின்னர் அச்செடிகளை உலர்த்தி எரித்து, சாம்பலை அலசித் தங்கம் பிரிக்கப்பட்டது. இவ்வாறு வெளியேறிய கழிவுமண் அண்டைப் பள்ளத்தாக்கை அடைத்ததால் உருவானதே இன்று பறவைகளின் வாழிடமாக விளங்கும் கருசேதோ ஏரியாகும்.

உழைத்தோர்

இங்கு உழைத்தவர்கள் அனைவரும் அடிமைகளே என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. ஆயினும் சுற்றுவட்டாரக் குடியிருப்புகளில் நடந்த அகழாய்வுகளின் அடிப்படையில், சட்டப்படி சுதந்திரமானவர்களாயினும் அரசுக்குச் செலுத்த வேண்டிய கடனை உழைப்பாகத் தீர்க்கக் கட்டாயப்படுத்தப்பட்ட உள்ளூர் உழவர் சமூகங்களே இதில் பெரும்பங்கு வகித்தன என்று ஆய்வாளர்கள் இன்று கருதுகின்றனர். கால்வாய்களை அளந்து வெட்டும் தொழில்நுட்ப அறிவைப் படையினர் வழங்கினர். அஸ்தூரிகா அகஸ்டா, அதாவது இன்றைய அஸ்தோர்கா நகரம், நிர்வாக மையமாக விளங்கியது.

கைவிடப்பட்ட பின்

கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்வு நின்றபின், வெறுமையான சரிவுகளைக் காடு படிப்படியாக மூடியது. மக்கள் செஸ்நட் மரங்களைப் பேணி, அவற்றின் கொட்டைகளை உணவாகவும் வருவாயாகவும் கொண்டனர். பல நூற்றாண்டு வயதுடைய பருத்த அடிமரங்கள் இத்தோப்புகளின் அடையாளமாயின. சுரங்கத்தின் வரலாறு மறந்த இடத்தில் கதைகள் முளைத்தன. எல் பியர்சோவில் பிறந்த எழுத்தாளர் என்ரிகே ஹில் இ கர்ராஸ்கோ, 1840இல் கருசேதோ ஏரியைக் களமாகக் கொண்டு ஒரு கதை வெளியிட்டார்.

மரபுரிமைத் தகுதி

1997இல் யுனெஸ்கோ இத்தலத்தை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தபோது, மனிதரின் அழிவுச் செயலால் உருவான ஓரிடத்தைப் போற்றுவது சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு முரணானது எனத் தாய்லாந்தின் பிரதிநிதி எதிர்ப்புத் தெரிவித்தார். எனினும் பண்டைய பொறியியலின் தடங்கள் பிற்காலத் தொழில்துறையால் சிதையாமல் ஒரே நிலப்பரப்பில் முழுமையாக எஞ்சியிருப்பதே இதன் மதிப்பாக ஏற்கப்பட்டது. 2002இல் இது இயற்கைச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது.

ஒரேயான் காட்சிமுனையிலிருந்து முகடுகள் அனைத்தையும் ஒருசேரப் பார்ப்பதும், அதனருகே ரோமானியர் குடைந்த சுரங்கப் பாதைக்குள் நடப்பதும், லா கூவோனா, லா என்கந்தாதா ஆகிய குகைகளுக்குத் தோப்புகளின் ஊடே செல்வதும் பார்வையாளர்களின் வழக்கமான பாதையாகும். 2025 ஆகஸ்டில் பரவிய காட்டுத்தீ இத்தோப்புகளில் பலவற்றைக் கருக்கியது. நீர் இடித்த மலையைப் போலவே, அந்த இடிவைப் பிந்தைய தலைமுறைகள் மரங்களால் போர்த்திய உழைப்பும் இத்தலத்தின் வரலாறே என்பதால், செம்மண் முகடுகளைக் காப்பதோடு செஸ்நட் மரங்களை மீட்பதும் இம்மரபுரிமையைப் பேணும் பணியில் அடங்கும்.