குரங்குகளோடு வேலை பார்த்த தாவரவியலாளர்

ஆபீஸ் வேலையாகச் சிங்கப்பூர் போகும்போதெல்லாம் ஒரு ஞாயிறு காலையை பொட்டானிக் கார்டனுக்கு ஒதுக்கிவிடுவேன். பழைய மழைக்காட்டின் ஒரு துண்டு இன்னும் அங்கே இருக்கிறது. நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்குமே தவிர, ஒரு பூ கண்ணில் படாது. அப்புறம் எப்படித்தான் இந்த மரங்களை அடையாளம் கண்டு பெயர் வைத்தார்கள்? அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்தவர்தான் இ. ஜே. எச். கார்னர்.

1906இல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1929இல் இதே தோட்டத்துக்கு உதவி இயக்குநராக வந்தார். வந்தது காளான் ஆராய்ச்சிக்காரராக. ஆனால் மலாயாக் காட்டு மரங்கள் ஆளை இழுத்துக்கொண்டன.

ஒரு மரத்தை இன்னதென்று சொல்ல இலை மட்டும் போதாது, பூவும் காயும் வேண்டும். அவையோ 40 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. மரத்தையே வெட்டிச் சாய்க்கலாம், அல்லது ஏறத் தெரிந்த ஆளைத் தேடலாம். கார்னர் மூன்றாவது வழி ஒன்றைப் பிடித்தார். கிளந்தான் பக்கம் 'பெரோக்' என்ற குரங்கைத் தேங்காய் பறிக்கப் பழக்குவார்கள். அப்படிப்பட்ட குரங்குகளை அவர் வேலைக்குச் சேர்த்தார். நீளக் கயிறு கட்டி மேலே அனுப்பிவிட்டு, கீழே நின்று மலாய் மொழியில் சொல்வார். அது பூவும் காயுமாகக் கிளையை ஒடித்துப் போடும். மலாயாவின் சாலையோர மரங்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1940இல் வந்தது.

அப்புறம் போர் வந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதற்குச் சற்று முன்பு குரங்கு ஒன்று கையைக் கடித்திருந்ததால் கார்னர் தன்னார்வப் படையில் சேர முடியாமல் போயிருந்தது. அவர் ஆளுநரிடம் போய் ஒரு சீட்டு வாங்கினார்: அருங்காட்சியகத்தையும் ஆய்வுச் சேகரிப்புகளையும் காக்கும்படி ஜப்பானியருக்கு ஒரு வேண்டுகோள். ஜப்பானிய நிலவியலாளர் தனகதாதே பொறுப்பேற்றார். பிரிட்டிஷார் பெரும்பாலோர் சாங்கியில் அடைபட்டிருக்க, கார்னரும் தோட்ட இயக்குநர் ஹோல்ட்டமும் வெளியே இருந்து ஜப்பானிய அறிஞர்களோடு வேலை பார்த்தார்கள்.

எதிரியோடு சேர்ந்துகொண்டவர் என்ற பேச்சு அவரை ரொம்ப நாள் விடவில்லை. அந்தக் கோபத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை. அதே வாரங்களில் நகரத்தில் சீனர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் காய்ந்த இலைகளுக்காக ஒருவர் எதிரியோடு பேசலாமா? தன் தரப்பை அவர் புத்தகமாக எழுதியது 1981இல்தான்.

1949இல் அவர் 'டுரியான் கோட்பாடு' என்று ஒன்றை வெளியிட்டார். கொடுக்காப்புளி தின்றவர்களுக்கு இது எளிதில் புரியும். கறுப்பு விதையை மூடியிருக்கும் அந்தச் சதை இருக்கிறதே, அதுமாதிரிதான் டுரியான் சுளையும், ஜாதிக்காய் மேலிருக்கும் ஜாதிபத்ரியும். இப்படி வெடித்து, சதை மூடிய விதையைக் காட்டி விலங்குகளை அழைக்கும் பெரிய காய்களே பூக்கும் தாவரங்களின் ஆதி வடிவம் என்றார். ஆதிமரம் தடித்த தண்டும் பெரிய இலையும் குறைந்த கிளையுமாக இருந்திருக்கும் என்பதும் அதோடு சேர்ந்தது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பிறகு கிடைத்த மிகப் பழைய புதைபடிவங்களில் விதைகள் பொடிசாக இருந்தன. 'தண்டு தடித்தால் இலை பெரிது' என்ற அவருடைய விதி மட்டும் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

கேம்பிரிட்ஜில் பேராசிரியரானார், கினபாலு மலைக்குப் பயணம் போனார், ஆல், அரசு, அத்தி எல்லாம் சேர்ந்த ஃபைகஸ் இனத்தைப் பல வருடம் ஆராய்ந்தார். 1996இல் காலமானார்.

எங்கள் தொழிலில் புரோகிராமை எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்தி எழுதலாம். மூல டேட்டா போனால் போனதுதான். உலர்த்திய மாதிரிகளும் அப்படித்தான். ஓர் இனத்தின் பெயரே ஒரு குறிப்பிட்ட மாதிரியோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. அது எரிந்துபோனால், எந்த மரத்தை அந்தப் பெயரால் சொன்னார்கள் என்று சரிபார்க்க வழியிருக்காது. அந்த மரம் நின்ற காடும் பல இடங்களில் இன்று இல்லை. கார்னரின் கோட்பாடு தளர்ந்துவிட்டது. அவர் காத்துக்கொடுத்த மாதிரிகளை இன்றைக்கும் யாராவது எடுத்துப் பார்க்கிறார்கள்.

அவர் செய்தது சரியா என்று கேட்டால், அந்த ஊரில் அன்று ஆளைப் பறிகொடுத்தவர்களிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வராது. ஆனால் அவர் இடத்தில் இருந்திருந்தால், நானும் அந்தச் சீட்டை வாங்கத்தான் போயிருப்பேன்.