ஸீரோ எரர்: ஒரு பரிசோதனையின் வரலாறு

முதலாண்டு பிசிக்ஸ் லேபை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. வெர்னியர் காலிப்பரைக் கையில் வாங்கியதும் அளக்க ஆரம்பித்தால் திட்டு விழும். "முதல்ல ஸீரோ எரர் என்னன்னு பாருப்பா, அப்புறம் அளக்கலாம்" என்பார் ஆசிரியர். கருவியில் பிழை இருப்பது குற்றமில்லை. எவ்வளவு பிழை என்று தெரியாமல் அளப்பதுதான் குற்றம்.

எங்கள் சித்தி ஒருவர் எப்போதோ ஒரு மருத்துவ முகாமில் 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்த தாளைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார். அதற்கப்புறம் பதினோரு வருஷம் பரிசோதனைப் பக்கமே போகவில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அந்தத் தாளுக்கு எத்தனை வருஷ ஆயுள் என்று வீட்டில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை, இன்ஜினியரான எனக்கும்கூட. அதன் பிறகுதான் இந்தப் பரிசோதனையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்ல இந்த மலர் ஒரு வாய்ப்பு.

இந்த நோய்க்கு ஒரு தனித்தன்மை உண்டு. நல்ல செல் கெட்டுப் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால் சிறிய சிகிச்சையிலேயே தீர்த்துவிடலாம். ஆகவே எல்லாமே பரிசோதனையின் நம்பகத்தன்மையைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

முதல் பரிசோதனையைத் தந்தவர் ஜார்ஜ் பாப்பனிகொலாவ். கிரீஸ் நாட்டுக்காரர். 1913-இல் அமெரிக்கா வந்து, நியூயார்க்கில் கினிப் பன்றிகளின் செல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிறகு பெண்களின் செல்களையும் பார்க்க ஆரம்பித்தார். அவர் மனைவி ஆந்த்ரோமாகியே பல வருஷம் மாதிரி கொடுத்து உதவினார். கண்ணாடித் தகட்டில் பூசிய செல்களைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தே புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்று 1928-இல் அறிவித்தார். ருமேனியாவின் அரேல் பாபெஷ் 1927-லேயே இதைப் போன்ற முறை ஒன்றைச் சொல்லியிருந்தார். இருவரையும் அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1941-இல் ஹெர்பர்ட் டிராட் என்ற மருத்துவருடன் சேர்ந்து பாப்பனிகொலாவ் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 'பாப் ஸ்மியர்' பிறந்தது. பின்லாந்து போன்ற நாடுகள் 1960-களில் பெண்களை முறையாக அழைத்துச் சோதிக்க ஆரம்பித்தன. மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

ஆனால் இந்த முறையில் 'கருவி' எது? ஒரு மனிதரின் கண். ஆயிரக்கணக்கான செல்களுக்கு நடுவே கெட்டுப்போன சிலவற்றை அந்தக் கண் தேட வேண்டும். களைத்துப் போனால்? 1987-இல் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகையில் வால்ட் பொக்டானிச் ஒரு குட்டை உடைத்தார். அமெரிக்காவின் சில லேப்களில் தகட்டுக்கு இத்தனை என்று கூலி பேசி, அளவுக்கு மீறிப் பார்க்க வைக்கிறார்கள். புற்றுநோய் அறிகுறி உள்ள தகடுகள் 'நார்மல்' என்று போய்விடுகின்றன என்று எழுதினார். அதற்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. 1988-இல் சட்டம் வந்தது. ஒருவர் ஒரு நாளில் 100 தகடுகளுக்கு மேல் பார்க்கக் கூடாது, 'நார்மல்' என்று ஒதுக்கியவற்றில் 10 சதவீதத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் ஏற்பட்டன. நம் தொழிற்சாலை மொழியில் சொன்னால், இன்ஸ்பெக்டரையே இன்ஸ்பெக்ட் பண்ண ஆரம்பித்தார்கள்!

இதற்கிடையே ஜெர்மனியில் ஹரால்ட் சுர் ஹவுஸன் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். இந்தப் புற்றுக்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ் என்பது அவர் கணிப்பு. 1983-இல் 16-ஆம் வகையையும், 1984-இல் 18-ஆம் வகையையும் அவருடைய குழு புற்றுத் திசுவிலேயே கண்டுபிடித்தது. 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கண்டுபிடிப்பால் செல்லின் உருவத்தைப் பார்ப்பதற்குப் பதில், வைரஸின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று ரசாயன முறையில் சோதிக்க முடிந்தது. பயோமார்க்கர் என்கிறார்களே, அது இதுதான்: நோயையோ அதன் காரணத்தையோ காட்டிக்கொடுக்கும் உயிர் அடையாளம்.

பழசா, புதுசா, எது நம்பகமானது? கனடாவில் 10,154 பெண்களுக்கு இரண்டு பரிசோதனைகளையும் செய்து பார்த்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். புற்றுக்கு முந்தைய தீவிர மாற்றம் உள்ள 100 பேரில் பாப் ஸ்மியர் சுமார் 55 பேரைப் பிடித்தது, எச்.பி.வி. பரிசோதனை சுமார் 95 பேரைப் பிடித்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் நம்பிய பரிசோதனை, ஒரு தடவை செய்தால் பாதிக்குப் பாதிதான்!

அப்படியானால் பின்லாந்தில் மரணம் எப்படிக் குறைந்தது? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவையில் 100-க்கு 45 தப்பினால், இரண்டு தடவையில் சுமார் 20, மூன்று தடவையில் சுமார் 9. (ஒவ்வொரு தவறும் தனித்தனியாக நடக்கிறது என்று வைத்துக்கொண்டால்.) நோய் மெதுவாக வளர்வதால் திரும்பத் திரும்பச் சோதிக்க அவகாசம் இருந்தது. சுமாரான கருவியை ஒழுங்கான ஏற்பாடு காப்பாற்றியது.

ஆயுளில் ஒரே தடவை பரிசோதனைக்கு வரும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு உதவாது. இதற்கு விடை நம் நாட்டிலிருந்தே வந்தது. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் (இப்போது தாராசிவ்) 30 முதல் 59 வயது வரையிலான 1,31,746 பெண்களை நான்கு பிரிவாக்கி, மூன்று பிரிவுகளுக்கு ஒவ்வொரு வகைப் பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்தார்கள்: எச்.பி.வி., பாப் ஸ்மியர், வினிகர் தடவிப் பார்ப்பது. நான்காவது பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். எட்டு வருஷம் பின்தொடர்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவு: எச்.பி.வி. பிரிவில் 34,126 பேரில் 34 மரணம். நான்காவது பிரிவில் 31,488 பேரில் 64 மரணம். மற்ற இரண்டு பிரிவுகளிலும் மரணம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பரிசோதனையே இல்லாமல் ஒரு பிரிவை வைத்தது தர்மமா என்று பின்னால் கடும் விமர்சனம் எழுந்தது. அந்தக் கேள்வி நியாயமானது. அந்த 64 பேரை வெறும் எண்ணாகக் கடந்துவிட முடியவில்லை.

இன்னொரு சங்கதி. அதே வினிகர் முறையை நம் திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற நர்ஸுகளைக் கொண்டு 2000 முதல் 2003 வரை செய்தார்கள். அங்கே மரணம் 35 சதவீதம் குறைந்தது. ஒரே முறை, இரண்டு ஊர், இரண்டு விடை. பார்க்கும் கண்ணும், பயிற்சியும், பிடிபட்டவருக்குத் தாமதமின்றிச் சிகிச்சை கிடைப்பதும் சேர்ந்ததுதான் பரிசோதனை என்று நான் புரிந்துகொண்டேன்.

எச்.பி.வி. பரிசோதனைக்கு மட்டும் ஸீரோ எரர் இல்லையா? உண்டு, எதிர்த் திசையில். வைரஸ் தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அது ஓரிரு வருஷத்தில் தானாகவே போய்விடும். ஆகவே 'பாஸிட்டிவ்' என்றால் புற்று என்று அர்த்தமில்லை. வீணாகக் கலங்குபவர்களைக் குறைக்க இன்னொரு பயோமார்க்கர் ஜோடி வந்தது: பி-16, கி-67 என்ற இரண்டு புரதங்கள். முதலாவது செல் பெருகாமல் தடுக்கும் பிரேக். இரண்டாவது பெருகும் செல்லில் மட்டும் தென்படுவது. ஆரோக்கியமான ஒரே செல்லில் இரண்டும் ஒன்றாக இருக்காது. பிரேக்கை அழுத்தியும் வண்டி ஓடுகிறதென்றால் எங்கோ கோளாறுதானே? எச்.பி.வி. பாஸிட்டிவ் ஆனவர்களில் யாரை மேலும் பார்க்க வேண்டும் என்று பிரிக்க இந்த இரட்டைச் சாயத்தை 2020-இல் அமெரிக்க அரசு அங்கீகரித்தது. இதுவும் எல்லாரையும் பிடித்துவிடாது. ஆகவே நெகடிவ் ஆனவர்களையும் தொடர்ந்து கவனிக்கத்தான் வேண்டும்.

2021-இல் உலக சுகாதார நிறுவனம், பொதுவாக 30 வயதிலிருந்து 5 முதல் 10 வருஷத்துக்கு ஒரு முறை எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை நல்லது என்று பரிந்துரைத்தது. அந்த வசதி இல்லாத இடத்தில் இருக்கிற பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்வதே புத்திசாலித்தனம்.

உடன் படித்த தோழிகளே, நண்பர்களே! ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்தப் பரிசோதனை? அடுத்தது எப்போது? பாஸிட்டிவ் என்றால் அடுத்த படி என்ன? இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் வீட்டில் அம்மாவிடம், அத்தையிடம், பெரியம்மாவிடம் இந்தப் பேச்சை எடுங்கள். சங்கோசப்படாதீர்கள். எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

சித்தியின் அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் 'நார்மல்' என்ற சொல்லுக்குக் கீழே நிறைய வெற்றிடம் இருக்கிறது. 'மறுபடி வர வேண்டிய தேதி' என்று ஒரு வரி எழுத அந்த இடம் தாராளமாகப் போதும்.